மலைப்பிள்ளைகளின் அலமாரிக்கு எந்த இருமொழிப் புத்தகம்?

கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வாங்க வேண்டும், என்ன வாங்கலாம்? நீலகிரியில் மாலை வாசிப்பறை தொடங்கும் இளைஞர் மன்றமோ மகளிர் குழுவோ பள்ளி ஆசிரியரோ முதலில் கேட்பது இதைத்தான். இருமொழிப் புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எந்த இரண்டு மொழி என்பதை முடிவு செய்யாமல் இந்த மலையில் புத்தகம் வாங்கினால், பாதிப் பிள்ளைகளுக்கு அது பயன்படாது.

கடையில் 'இருமொழி' என்று கேட்டால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த புத்தகத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது யாருக்கு இருமொழி என்று பாருங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்து டான்டீ என்னும் அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு வீட்டு மொழி தமிழ். லயன் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் அம்மா பேசுவதும் புத்தகத்தின் ஒரு பாதியும் ஒரே மொழி. அந்தப் பிள்ளைக்கு அது உண்மையிலேயே வீட்டையும் பள்ளியையும் சேர்க்கிற புத்தகம்.

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருக்கும் பிள்ளைக்கு நிலைமை வேறு. வீட்டில் படுகு, கடைவீதியில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். புத்தகத்தில் இருக்கும் இரண்டு மொழியும் அதற்கு வெளியிலிருந்து வந்தவை. இருளர் பிள்ளை அரசுப் பள்ளியில் முதல் வகுப்பில் உட்காரும்போது தமிழே பாதிப் புதிது. ஆங்கிலம் முழுப் புதிது. கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் வீடுகளில் தனித்தனி மொழி, அக்கம்பக்கத்தில் மலையாளம், பள்ளியில் தமிழ். தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் என்று அரசு தனியாகப் பட்டியலிட்டிருக்கும் ஆறு சமூகங்களான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோரும் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ போட்ட புத்தகப் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பொருந்தாது.

வீட்டு மொழியில் படிக்கத் தெரிந்த பிள்ளை அந்தத் திறமையை அடுத்த மொழிக்கும் கொண்டு போகும் என்பது மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே முன்வைத்த கருத்து. எழுத்தைக் கூட்டிப் படிக்கிற வித்தையைப் பிள்ளை ஒரு தடவை கற்றுக்கொண்டால் போதும். ஆனால் அந்த ஒரு தடவை, பொருள் புரிகிற மொழியில் நடக்க வேண்டும். சட்டமும் இதன் பக்கம்தான் நிற்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. 2009 கல்வி உரிமைச் சட்டமும் முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. அதற்கான புத்தகம்தான் இன்னும் அலமாரிக்கு வந்து சேரவில்லை.

அதனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். சாயங்காலம் இந்தப் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காருவார்? அவர் எந்த மொழியில் தடங்கல் இல்லாமல் பேசுவார்? பச்சைத்தேயிலை பறித்துவிட்டு வரும் அம்மாவா, வீட்டில் இருக்கும் பாட்டியா, எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்காவா? இந்தப் பதிலுக்கு ஒத்துவராத புத்தகம் எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தமிழ்-ஆங்கிலப் புத்தகங்களில் நம் கைக்கு எளிதில் வருபவை சென்னை தூலிகா பதிப்பகத்தின் புத்தகங்கள். 1996-லிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். படங்கள் நம் ஊர் முகங்களாக, நம் ஊர் வீடுகளாக இருக்கும். தாளும் கட்டும் பல பிள்ளைகளின் கையைத் தாங்கும். விலை மட்டும் மற்றவற்றை விடக் கொஞ்சம் கூடுதல்.

ஒரே பக்கத்தில் இரண்டு மொழி இருக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் கண் தனக்கு எளிதான மொழிக்குத்தான் போகும், மற்றதைத் தாண்டிவிடும். ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளை ஆங்கில வரியை மட்டும் கடகடவென்று வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும். தமிழ் அதற்குப் பேசத் தெரியும், எழுத்துத்தான் தெரியாது. புத்தகத்தை முடித்துவிட்டேன் என்று அது சொல்லும்போது தமிழ்ப் பாதி அப்படியே இருக்கும். மூன்று நான்கு வயதில் பெரியவர் மடியில் உட்கார்ந்து கேட்கும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை, படிப்பவர் இரண்டையும் படித்துக் காட்டுவார். ஏழு வயதுக்கு மேல் தானே வாசிக்கிற பிள்ளைக்கு ஒரே கதையின் இரண்டு தனிப் புத்தகங்கள்தான் மேல். பெங்களூருவில் 2004-ல் தொடங்கிய பிரதம் புக்ஸ் ஒரே கதையைப் பல மொழிகளில் தனித்தனியாக வெளியிடுகிறது, விலையும் குறைவு. இந்த வாரம் தமிழ்ப் புத்தகம், அடுத்த வாரம் அதே படங்களோடு ஆங்கிலப் புத்தகம் என்று கொடுத்தால் கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் இரண்டாவது மொழி பயமுறுத்தாது.

வாங்குவதற்கு முன் தமிழ்ப் பாதியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'அவள் மிகவும் மகிழ்ச்சியாக உணர்ந்தாள்' என்று இருந்தால் அந்த வரி ஆங்கிலத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறது. 'அவளுக்கு ஒரே சந்தோஷம்' என்று இருந்தால் பிள்ளை அடுத்த பக்கத்துக்குத் தானே போகும். நாலு பக்கம் படித்தாலே தெரிந்துவிடும். கண்காட்சியில் நின்று அந்த நாலு பக்கத்தைப் படிக்கக் கூச்சப்பட வேண்டாம்.

வீட்டு மொழி தமிழாகவே இருக்கும் லயன் பிள்ளைகளுக்கு இருமொழிப் புத்தகத்தைத் தேடி அலைய வேண்டும் என்றுகூட இல்லை. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் மலிவான தமிழ்ப் படப் புத்தகங்கள் கிடைக்கின்றன. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்து வந்திருக்கின்றன. பள்ளியில் அவை பெட்டியில் இருக்கின்றனவா, பிள்ளை கையில் இருக்கின்றனவா என்று தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் காசைச் செலவு செய்யலாம்.

இனி படுகு, இருளம், குறும்பம் பேசும் பிள்ளைகள். இவர்களுக்குக் கடையில் புத்தகம் கிடையாது, நாம்தான் உண்டாக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி தெரிகிறது.

முதல் வழி, திறந்த உரிமக் கதைகளை இறக்கி, மொழிபெயர்த்து, அச்சிடுவது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் உள்ள கதைகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் திறந்த உரிமத்தின்படி யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிடலாம். எழுதியவர், படம் வரைந்தவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் கண்டிப்பாகப் போட வேண்டும். தென்னாப்பிரிக்காவிலிருந்து 2014-ல் வந்த ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் இதே முறையில் பல சிறிய மொழிகளுக்குக் கதை கொண்டுவந்திருக்கிறது. சில ஆயிரம் பேர் பேசும் மொழிக்கும் புத்தகம் போட முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. ஸ்டோரிவீவரில் முதல் நிலைக் கதை என்றால் 250 சொல்லுக்குள் முடிந்துவிடும். மொழிபெயர்க்க ஒரு சாயங்காலம் போதும், தொடங்குகிறவர்கள் அதைத் தாண்டிப் போக வேண்டாம். பக்கம் அமைக்க ப்ளூம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று மொழி வைக்கலாம், இணையம் இல்லாமலும் வேலை செய்யும், வரிக்கு வரி குரலைப் பதிந்து சேர்க்கவும் முடியும்.

செலவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் ஒரு தாளுக்கு நாலு பக்கம். பதினாறு பக்கப் புத்தகத்துக்கு நாலு தாள், முன்னும் பின்னுமாக எட்டுக் கலர் பிரிண்ட். பிரிண்ட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் ஒரு புத்தகம் எண்பது ரூபாய். பதிப்பகம் அச்சிட்ட மலிவுப் புத்தகத்தை விட இது குறைவில்லை, தாளும் அந்தத் தரத்தில் இருக்காது. இன்னொன்று, இங்கத்து ஈரம். கூடலூர், பந்தலூரில் ஆனி ஆடி மழையும் கோத்தகிரி, குன்னூரில் ஐப்பசி கார்த்திகை மழையும் அலமாரிக்குள்ளேயே வந்துவிடும். சாதாரண இங்க்ஜெட் பிரிண்ட் ஈரக் கை பட்டால் கரைந்து ஒழுகும். லேசர் பிரிண்ட் என்று கேட்டு வாங்க வேண்டும், அட்டைக்கு லேமினேஷன் போட வேண்டும், இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். இந்த வழி நல்லதுதான். ஆனால் மலிவு என்று நினைத்து இதில் இறங்கக் கூடாது.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. பதிப்பகம் அச்சிட்ட மலிவான தமிழ்ப் படப் புத்தகத்தை வாங்கி, வீட்டு மொழி வரியை ஸ்டிக்கர் ஷீட்டில் அச்சடித்து, வெட்டி, பக்கத்திலேயே ஒட்டிவிடுவது. கலர் பிரிண்ட் வேண்டாம், கறுப்பு எழுத்துப் போதும். ஒரு புத்தகத்தின் வரிகள் ஒன்றிரண்டு ஷீட்டில் அடங்கிவிடும். படமும் தாளும் கட்டும் பதிப்பகத் தரத்தில் இருக்கும். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி மட்டும் இருக்கிற, படத்தைச் சுற்றி வெற்றிடம் உள்ள புத்தகமாகப் பார்த்து எடுத்தால் ஒட்ட இடம் கிடைக்கும். வீட்டு மொழி வரி தமிழ் வரிக்கு மேலே இருக்கட்டும், எழுத்து நன்றாகப் பெரிதாக இருக்கட்டும். பிள்ளை முதலில் புரிகிற வரியைப் படிக்கும், அப்புறம் அதே பொருளைத் தமிழில் பார்க்கும்.

இது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் யானை பலாப்பழத்தை உருட்டுகிறது, கீழே ஒரே வரி தமிழ். பாட்டியிடம் படத்தைக் காட்டி இதை நம் மொழியில் சொல்லுங்கள் என்று கேட்டால் அவர் ஒரு வரியோடு நிறுத்துவதில்லை. யானை ஏன் அங்கே வந்தது, பழம் பழுத்ததா காயா, வாசனை எவ்வளவு தூரம் போகும், எல்லாம் வரும். அதை முழுதும் போனில் பதிந்துகொள்ளுங்கள். அதிலிருந்து மிகச் சின்ன வாக்கியத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளை தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். எழுதியதை, கதை தெரியாத இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் அது தடுக்கி நிற்கிறதோ அந்த இடத்தின் எழுத்துக்கூட்டலை மாற்ற வேண்டும். இன்னொரு ஊர்ப் பாட்டி கேட்டுவிட்டு 'நாங்க இப்படிச் சொல்ல மாட்டோம்' என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். படுகர்களுக்குள்ளேயே பொறங்காடு, தொதநாடு, மேற்குநாடு, குந்தை என்று நாலு சீமை உண்டு. சீமைக்குச் சீமை பேச்சு கொஞ்சம் மாறும். எல்லோருக்கும் பொதுவான ஒன்றைத் தேடி மாதக்கணக்கில் கூட்டம் போடுவதை விட, எந்த ஊர்ப் பிள்ளை படிக்கப் போகிறதோ அந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிவிடலாம். ஸ்டிக்கர்தானே, அடுத்த ஊருக்கு வேறு ஷீட் அச்சடித்தால் போயிற்று.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் நாம் ஒட்டுவதில் தவறில்லை. ஒட்டிய புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து நாலு ஊருக்குக் கொடுப்பது வேறு விஷயம். புத்தகத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் குறிப்பு இருந்தால் மட்டும் அதைச் செய்யலாம்.

தமிழ் எழுத்தில் இந்த மொழிகளை எழுத முடியுமா என்று கட்டாயம் கேட்பார்கள். தமிழில் த, ப, க ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து. படுகிலோ ஒலிப்பு மாறினால் சொல்லே மாறிவிடும். தொட்டபெட்டா என்று நாம் எழுதுகிறோமே, அதில் த-வும் ப-வும் அழுத்தி ஒலிக்க வேண்டியவை என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது, ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். படுகின் உயிரெழுத்துகளிலும் தனி நுட்பம் உண்டு. மொழியியலாளர் எமனோ அதைப் பற்றி 1939-லேயே எழுதியிருக்கிறார். இதற்காகக் கன்னட எழுத்தைப் பயன்படுத்தலாம் என்பவர்கள் இருக்கிறார்கள்; படுகு கன்னடத்துக்கு நெருங்கியது என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. புள்ளியும் கோடும் சேர்த்துப் புது எழுத்து வைக்கலாம் என்பவர்களும் உண்டு.

ஆறு வயதுப் பிள்ளைக்கு என்று வரும்போது நான் தமிழ் எழுத்தின் பக்கம். பிள்ளைக்கு மொழி காதில் ஏற்கெனவே இருக்கிறது. பஸ், பள்ளி இரண்டையும் ஒரே ப-வில் எழுதுகிறோம், எந்தத் தமிழ்ப் பிள்ளையும் குழம்பியதில்லை. படுகுப் பிள்ளையும் வரியின் பொருளை வைத்து ஒலியைத் தானே சரிசெய்துகொள்ளும். இங்கே கற்ற எழுத்து நாளைக்குப் பள்ளியிலும் பஸ் போர்டிலும் உதவும். ஒடிசாவில் 2006-07 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் பள்ளிப் பாடம் தொடங்கியபோது பெரும்பாலும் ஒடியா எழுத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தனி எழுத்து வேண்டுமா என்பதைப் பெரியவர்கள் பொறுமையாகப் பேசி முடிவு செய்யட்டும். அதுவரை பிள்ளை காத்திருக்க முடியாது, அதற்கு வயது ஏறிக்கொண்டே போகும்.

தோடா மொழிக்கு மட்டும் இந்தச் சமாதானம் செல்லாது. அதன் உரசொலிகளும் பலவகை ரகரங்களும் தமிழ் எழுத்துக்குள் அடங்குவதே இல்லை, வாசிப்பவர் ஊகிக்க வேண்டியது அளவுக்கு மீறிப் போய்விடும். தோடாவும் கோத்தாவும் அழியும் விளிம்பில் இருப்பதாக யுனெஸ்கோவின் பட்டியல் சொல்கிறது. மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், இருக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் குரல் வர வேண்டும் என்று நினைக்கிறேன். படத்தை வைத்துக்கொண்டு பெரியவர் சொல்லும் கதையைப் பதிந்து, ப்ளூமில் பக்கத்துக்குப் பக்கம் சேர்த்துக் கேட்க வைக்கலாம். ரேடியோ கோத்தகிரி இந்த மலையின் மொழிகளில் ஒலிபரப்பும் சமுதாய வானொலி. இப்படிப் பதிந்த கதைகளை அவர்களிடம் கொண்டுபோய்க் கேட்டுப் பார்ப்பதும் நல்லது.

எழுத்தே இல்லாத படப் புத்தகங்களையும் விட்டுவிடக் கூடாது. ஒரே அறையில் படுகு, இருளம், தமிழ், மலையாளம் பேசும் பிள்ளைகள் உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கக்கூடியது அதுதான். எழுதப் படிக்கத் தெரியாத தாத்தாவும் கூச்சமில்லாமல் கையில் எடுப்பார். படிக்கச் சொல்லிக் கொடுக்காது என்பது உண்மை. அதனால் நாலைந்து போதும்.

சொந்தக் கதையை, சொந்தப் படத்தோடு, முழுப் புத்தகமாகவே போடுவதைப் பற்றியும் கேட்பார்கள். ஆசை எனக்கும் இருக்கிறது. நம் பிள்ளைகள் பார்க்கும் தேயிலைக் காட்டில் மேயும் காட்டெருமையும், கேரட் வயலில் விழும் உறைபனியும், பாறையில் தேன் எடுப்பதும் கடைப் புத்தகத்தில் அதிகம் வருவதில்லை. கோத்தகிரிப் பக்கத்து வெள்ளரிக்கொம்பையில் குறும்பர் ஓவியம் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்துப்பாறையின் பழைய பாறை ஓவியங்களோடு உறவுள்ள கலை அது. அப்படிப்பட்ட கை வரைந்த புத்தகம் வந்தால் அதற்கு ஈடே இல்லை. ஆனால் அவர்களுக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும், கதை சொன்னவர் பெயரைப் போட வேண்டும், வேலைக்கு ஒரு வருஷமாவது ஆகும். ஐயாயிரம் ரூபாயில் தொடங்குகிற வேலை இல்லை. ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி நாலு பேருக்கு எழுத்துக் கூட்டலும் கதையைச் சுருக்குவதும் பழகிய பிறகு அதற்கு வரலாம். பாட்டிகளிடம் பதிந்து வைத்த கதைகளும் அதற்குள் சேர்ந்திருக்கும்.

அந்த ஐயாயிரத்தை இப்போது நான் எப்படிப் பிரிப்பேன் என்றால்: படுகரும் இருளரும் கலந்த ஊரில் பாதிக்கு மேல் மலிவான தமிழ்ப் படப் புத்தகங்களுக்குப் போகும், எல்லாமே வரி குறைந்தவை. ஒவ்வொன்றிலும் இரண்டு படி வாங்கி ஒன்றில் படுகும் ஒன்றில் இருளமும் ஒட்டுவேன். ஒரு சின்னப் பங்கு ஸ்டிக்கர் ஷீட்டுக்கும் லேசர் பிரிண்டுக்கும். எழுத்தில்லாப் புத்தகம் நாலைந்து. மிச்சம் இருப்பதில் தூலிகாவின் தமிழ்-ஆங்கிலப் புத்தகம் சில, மடியில் வைத்துப் படித்துக் காட்டும் வயதுப் பிள்ளைகளுக்காக. லயன் பிள்ளைகள் மட்டும் வரும் வாசிப்பறை என்றால் ஸ்டிக்கர் செலவு மிச்சம். அந்தப் பணத்தை ஒரே கதையின் தமிழ், ஆங்கிலத் தனிப் புத்தகங்களில் போடுவேன். கூடலூர்ப் பக்கம் என்றால் முதலில் எத்தனை வீட்டில் எந்த மொழி என்று ஒரு சுற்று வந்து கேட்டுவிட்டுத்தான் கடைக்கே போவேன். அங்கே மழை முந்திவிடும், அதனால் ஒட்டும் வேலை எல்லாம் வைகாசிக்குள் முடிந்திருக்க வேண்டும்.